அமாவாசை வரைக்கும் தாங்கும் அவரைக்காய்

தை மாதம் ஐஸ் பெட்டிக்குள் போன புழு ஒன்று, சித்திரை மாதத்துக் காலையில் அரிவாள்மனைக்கு முன்னால் நெளிந்து வெளியே வந்து, உடம்பை ஒரு முறை நீட்டிச் சுருக்கி, பாதியில் விட்ட வேலையைத் தொடர்கிற மாதிரி பக்கத்து அவரைக்காயைத் துளைக்க ஆரம்பித்தபோது, செங்காட்டுப்புதூர் மில் காலனியில் மரகதத்தின் சமையற்கட்டில் வட்டமாக உட்கார்ந்து விருந்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்கள். நறுக்கியதை அள்ளப் போனவள் அள்ளவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவவில்லை. பக்கத்து வீட்டுப் பூவாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏனம்மிணி, இத்தன மாசம் ஐஸ்ல கெடந்த புழு செத்துல்லொ போயிருக்கோணும்?"

மரகதம் அந்தப் புழுவை ஓர் அவரைத் தோலில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, "அதுக்கு அந்தக் குளுரு ஒத்துக்கிச்சாட்ட இருக்குதுங்க்கா" என்று சொல்லி மறுபடி நறுக்க உட்கார்ந்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு காயையும் பிளந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் நறுக்கினாள்.

அந்த அவரை அவள் வீட்டு மொட்டை மாடியில், பழைய பெயிண்ட் டப்பாக்களில் மண் கொட்டி, உதவாமல் நின்ற டிவி ஆன்டெனாக் கம்பியில் கயிறு கட்டிப் படரவிட்ட கொடியில் காய்த்தது. ஆடியில் ஊன்றினால் கார்த்திகையில் பூத்து, மார்கழியிலும் தையிலும் பறிக்கப் பறிக்கக் காய்த்துத் தள்ளும். வீட்டுக்குப் போக மிச்சத்தை மரகதம் முறத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். தை மாதம் முழுக்க அந்தக் காலனியில் அவரைப் பொரியல் வாசம்தான் அடிக்கும். ஏதாவது ஒரு வீட்டில் வேறு வாசம் வந்தால் அந்த வீட்டோடு மரகதத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று ஊர் புரிந்துகொள்ளும். இந்த வருஷம்தான் ஒருத்தர் வீட்டுக்கும் முறம் போகவில்லை. பூனாவில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் கோகிலா, முழுகாமல் இருக்கிற உடம்போடு தைக்கு ஊர் வர முடியாது என்று போனில் சொல்லி, சொன்ன கையோடு, "இங்க விக்கற அவரக்காய் ரப்பராட்ட இருக்குதும்மா" என்று மூக்கை உறிஞ்சியதுதான் காரணம்.

மரகதத்தின் வீட்டுக்காரர் ரங்கசாமி மில்லில் ஃபிட்டர். மனைவி சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூடிவிட்டுப் போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு ஃப்ரீசர் பெட்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் பக்கவாட்டில் ஒரு பென்குயின் சிரித்துக்கொண்டிருந்தது. காயை எப்படி உறைய வைப்பது என்று யூடியூபில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்ததை மரகதம் மூன்று நாள் பார்த்தாள். காயைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ஒரு கொதி வந்ததும் அள்ளி, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி, ஈரம் போகத் துடைத்து, காற்றுப் புகாமல் கவரில் கட்டி உள்ளே வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். மற்றதையெல்லாம் மரகதம் அட்சரம் பிசகாமல் செய்தாள். வெந்நீரை மட்டும் விட்டுவிட்டாள். அவள் சோறு வடித்த கஞ்சியைக்கூட ஆறவைத்துத்தான் சாக்கடையில் ஊற்றுகிறவள், சூடாக ஊற்றினால் அங்கிருக்கிற புழு பூச்சி வெந்துபோகும் என்று. அப்படிப்பட்டவள், தினம் காலையில் தன் கையால் தடவிக் கொடுத்துத் தண்ணீர் விட்ட கொடியின் காயை, உயிரோடு, கொதிக்கிற தண்ணீரில் எப்படித் தள்ளுவாள்? தள்ளவில்லை. அதனால் தாங்கள் பறிக்கப்பட்டுவிட்டோம் என்கிற சேதி அந்தக் காய்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. அவை பென்குயினுக்குப் பின்னால் இருட்டில் தை மாதத்திலேயே படுத்திருந்தன.

கோகிலா ஊர் வந்து ஒன்பதாம் மாதம் பிறந்ததும், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைக்கிற கட்டுச்சோற்று விருந்து வைத்தார்கள். சம்பந்தி வீடு தூரம் என்பதால் பெண் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சாகி, புளிச்சோறும் தயிர்ச்சோறும் தேங்காய்ச்சோறும் வெல்லச்சோறும் அண்டா அண்டாவாக இறங்க, தையில் தங்கள் வீட்டுக்கு முறம் வராத கோபத்தை மனதில் வைத்திருந்த காலனிக்காரர்கள் அந்தக் கோபத்தையெல்லாம் அவரைப் பொரியலில் காட்டினார்கள். இரண்டாம் முறை கேட்டார்கள், மூன்றாம் முறை கேட்டார்கள், கேட்காதவர்களுக்கு வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூவாத்தாள் தன் வீட்டுக்காரர் நஞ்சப்பனுக்கு ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு போனாள். நஞ்சப்பனை அதற்கு முந்தின வாரம்தான், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தண்டபாணிக்கு நாலாவது உருண்டைச் சோற்றில் விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்தார், மூச்சை அடக்கினார், நிற்கவில்லை. எல்லாரும் சிரித்துவிட்டுத் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதலில் கண்டுபிடித்தவர் விருந்துக்கே வராத சலூன்காரர் தனபால். காலனி ஆண்கள் ஒருத்தர்கூடக் கடைப்பக்கம் வராததைப் பார்த்து, தெருவுக்கு ஏதோ பகை வந்துவிட்டது, தான் செய்த குற்றம் என்ன என்று கேட்டுவிடுவோம் என வீடு வீடாக வந்தவர், ரங்கசாமியின் கன்னத்தைத் தொழில்காரன் விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விருந்தன்று காலையில் அவரே மழித்துவிட்ட கன்னம் அது, அன்றைக்கு இருந்த மேனிக்கு அப்படியே வழவழவென்று இருந்தது. அப்புறம்தான் ஒவ்வொருவராக உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். நகம் வளரவில்லை. சம்பந்தியம்மா ராஜாமணி சாயம் பூசிய தலையில் வெள்ளை எட்டிப் பார்க்கவில்லை. விருந்துக்குக் காய்ச்சலோடு வந்தவளுக்குக் காய்ச்சல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. தண்டபாணியின் விக்கல் மட்டும் சொன்ன வேலையைச் செய்கிற ஆள் மாதிரி இடைவிடாமல் வந்துகொண்டிருக்க, அவர் விக்கிக்கொண்டே சங்கக் கூட்டத்தைக் கூட்டி, விக்கிக்கொண்டே தலைமை உரை ஆற்றி, இதற்கெல்லாம் மரகதத்தின் அவரைக்காய்தான் காரணம் என்று விக்கிக்கொண்டே முடித்தார். கூட்டத்தில் ஒருவர் தன் பக்கத்திலிருந்தவர் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் முகத்தையும் அவர் அப்படித்தான் பார்க்கிறார் என்று தெரிந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் அமாவாசை வந்தது. அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும், நின்று போயிருந்த நாட்களெல்லாம் வாசலில் காத்திருந்த விருந்தாளிகள் மாதிரி ஒன்றாக உள்ளே புகுந்தன. சோற்றுக்கு உட்கார்ந்தவர்களுக்குச் சாம்பார் ஊற்றுவதற்குள் தாடி முளைத்தது. பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பிடித்த விரல்களில் நகம் நீண்டு கரண்டியில் தட்டியது. ராஜாமணியின் வகிட்டில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. காய்ச்சல்காரி ஒரேயடியாகக் கொதித்து ஒரேயடியாக வேர்த்து எழுந்து பசிக்கிறது என்றாள். பெண்கள் ஒருவரையொருவர் காதோடு காதாகக் கேட்டுக்கொண்ட விஷயத்தை எழுத்தில் வைக்க முடியாது. தண்டபாணியின் விக்கல் நின்றதும் அவர் வீட்டில் ஒரு கனத்த அமைதி இறங்கி, அதைத் தாங்க முடியாமல் அவர் மனைவி அழுதுவிட்டாள். மறுநாள் தனபாலின் கடை வரிசை ரேஷன் கடையைத் தாண்டி நின்றது. ஆக, அந்த அவரைக்காயை ஒரு தரம் தின்றால் அடுத்த அமாவாசை வரைக்கும் உடம்பு நின்ற இடத்தில் நிற்கும், அப்புறம் பாக்கியைச் சேர்த்து வசூலித்துவிடும் என்று காலனிக்குத் தெரிந்துபோனது.

கோகிலாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நகம் நீளவில்லை. கட்டுச்சோற்றன்று வைத்த மருதாணி அதே சிவப்பில் இருந்தது. வயிறு அதே வயிறு. வைகாசி முடிந்து, சொன்ன தேதி வந்து, அந்தத் தேதியும் போனபோது, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார், பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குழந்தையின் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல், முந்தின படத்தில் இருந்த அதே இடத்தில், வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. எடை ஒரு இம்மியும் ஏறவில்லை. அறுத்து எடுத்துவிடலாமே என்று ராஜாமணி கேட்டதற்கு, கணக்குப்படி அது இன்னும் ஒன்பதாம் மாதத்து ஆரம்பத்திலேயே நிற்கிறது, முற்றாததை எதற்குப் பறிக்க வேண்டும், அதற்கு உள்ளே ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டரம்மா. எல்லாரும் கிளம்பும்போது மரகதத்தை மட்டும் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, தன் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த சுருக்கத்தைத் தொட்டபடி, அந்தக் காய் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார்.

தன் கையால் ஆசை ஆசையாக உறைய வைத்தது தன் பேரக் குழந்தையைத்தான் என்கிற நினைப்பு மரகதத்தை வீடு வரைக்கும் துரத்தி வந்தது. வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து கவர்களையெல்லாம் சாக்கில் அள்ளினாள், குப்பை வண்டி வந்ததும் கொட்டிவிட வேண்டும் என்று. அப்போதுதான் பூவாத்தாள் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

கூட்டத்தில் கேட்டதை நம்பி, அமாவாசைக் கணக்குத் தெரியாமலே, நஞ்சப்பனுக்கு அந்த அமாவாசையன்று மத்தியானம் அவள் மறுபடி ஒரு பிடி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். அதனால் அவர் மூச்சு, ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்ட அந்த வாரத்து மூச்சாகவே இழுத்துக்கொண்டிருந்தது, கூடவுமில்லை குறையவுமில்லை. பூவாத்தாள் சாக்கைப் பார்த்தாள். அப்புறம் மரகதத்தைப் பார்த்தாள்.

"அவருக்கு நல்லாகோணும்னு நாங் கேக்கல அம்மிணி. போகாம இருந்தாப் போதும். அப்புடியே கெடக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருந்துக்கறேன்."

மரகதம் சாக்கை அவிழ்த்துக் கவர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு பிடி பூவாத்தாளுக்கு, வேறு யாருக்கும் கிடையாது, தன் மகளுக்கு நிச்சயமாகக் கிடையாது என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள்.

காலனி சும்மா இருக்குமா? வந்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வருகிறவரை மகளின் முகப்பருவற்ற இந்த முகம் இப்படியே இருக்க வேண்டும் என்று ஒருத்தி வந்தாள். கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போட்டோ எடுக்கிறவரை தலைமுடி கொட்டாமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் வந்தார். ஒரு காலில் கட்டோடு வந்தவர், கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்பதால் எலும்பு கூடாமல் இருக்க வழியுண்டா என்று கேட்டார். தண்டபாணி தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வந்தார். மரகதம் எல்லாருக்கும் காபி கொடுத்து, காய் கொடுக்காமல் அனுப்பினாள். சாயங்காலங்களில் காலனிப் பெண்கள் ஆளாளுக்கு ஒரு பண்டத்தோடு கோகிலாவைப் பார்க்க வந்தார்கள், சூடு ஏறினால் உருகும் என்று. கொள்ளு ரசம் வந்தது, எள்ளுருண்டை வந்தது, கருப்பட்டிப் பணியாரம் வந்தது, மிளகு தூக்கலாக வெள்ளாட்டுக் குழம்பு வந்தது. கோகிலா எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். வேர்த்தது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான்.

பூனாவிலிருந்து மாப்பிள்ளை பிரவீன் லீவு போட்டு வந்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, லீவு தீர்ந்து போய், மறுபடி வந்து, மறுபடி போனான். ஆடி வந்தது. ஊரே விதை ஊன்றியது. மரகதத்தின் பெயிண்ட் டப்பாக்களில் மட்டும் வெறும் மண் காய்ந்துகொண்டிருந்ததைக் கண்டு மாடிக்கு வடகம் காயப்போட வந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார்கள். ஆவணி பிறந்ததும் ராஜாமணி வந்து, நடுவீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, காபியைத் தொடாமல், முடிவாகச் சொன்னாள்.

"இந்த அமாவாசையோட சரிங்க சம்பந்தி. அதுக்கு மேல எம் மருமகள நாங் கூட்டிட்டுப் போயிக்கறேன். எங்க ஊர்ல காய்கறியெல்லாம் ஒழுங்காத்தான் இருக்குதுங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் மரகதத்தின் மொத்த மானமும் தரையில் விழுந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது போய், தாய் வீட்டால் பிரசவமே நின்றது என்று ஆகிவிட்டால், அப்புறம் அவள் எந்த முகத்தோடு முறத்தை எடுத்துக்கொண்டு தெருவில் நடப்பாள்? அதைவிட இன்னொன்று அவளை அரித்தது. பெட்டியில் கவர்கள் குறைந்துகொண்டே வந்தன. பூவாத்தாளுக்குக் கொடுப்பது மாதம் ஒரு பிடி. காணாமல் போவதோ பல பிடி. எலும்பு சேர வேண்டாம் என்றவரைச் சந்தேகப்பட்டாள், டாக்டரம்மா ஆள் வைத்து எடுக்கிறாரா என்றுகூடச் சந்தேகப்பட்டாள், ரங்கசாமியின் கன்னத்தைத் தூங்கும்போது தடவிப் பார்த்தாள்; சொரசொரவென்றுதான் இருந்தது.

ஆவணி அமாவாசையன்று மத்தியானம் ரேஷன் கடைக்குப் போனவள், மிஷின் வேலை செய்யவில்லை என்று சீக்கிரமே திரும்பி வந்தாள். காலனி முழுக்கச் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்த நேரம். பின்கட்டில் பெட்டியின் மூடி திறந்திருந்தது. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் வயிற்றைச் சரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கோகிலா, குளிர்ப் புகை அவள் முகத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, கடைசிக் கவரின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தபடி. ஸ்டூலுக்குக் கீழே, முந்தின நாட்களில் தின்று துப்பிய அவரைக் காம்புகள் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் குவியலாகக் கிடந்தன. அவ்வளவு காம்புகள்.

மரகதத்தின் கையிலிருந்த பை நழுவி விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. காலனியில் அத்தனை பேரையும் திருடராக நினைத்துப் பார்த்திருக்கிறாள், இந்த ஒரு முகத்தை மட்டும் நினைக்கவே இல்லை.

"எப்பருந்து கண்ணு?"

"மொத அமாவாசையிலருந்து." கோகிலா கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பச்சையாவே தின்னேன். ஐஸாட்ட மொறுமொறுன்னு இருக்குது."

"ஏன் சாமி?"

கோகிலா, கட்டுச்சோற்றுக்கு முந்தி ஸ்கேனுக்குப் போன அன்றைக்குப் பக்கத்து அறையில் ஒரு பெண் கத்திய கத்தலைச் சொன்னாள். அந்தக் கத்தல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை என்றாள். அப்புறம் கவரின் மேல் பூத்திருந்த பனியை விரலால் வழித்துக்கொண்டே, தாயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அதுகூடப் பரவால்லீம்மா. இது வெளிய வந்துட்டா நான் அம்மா ஆயிருவேன். இப்ப நான் உம்பட புள்ள. நீ தல சீவி உடற, நான் படுத்திருக்கறேன். இன்னொரு மாசம் இருந்துக்கலாம், இன்னொரே மாசம்னு தான் நெனச்சேன்."

மகள் செய்த காரியம்கூட மரகதத்தை அவ்வளவு உலுக்கவில்லை. அதைக் கேட்ட மாத்திரத்தில் தன் மனசு, சரி தின்னட்டும், இன்னொரு மாசம் இருக்கட்டும், தினம் சாயங்காலம் இந்தத் தலையைச் சீவி ஜடை போடலாம் என்று குரல் கொடுத்ததே, அதுதான் அவளை உறைய வைத்தது. இந்த நாலு மாதமும் தான் அழுதது உண்மை. அழுதுகொண்டே சந்தோஷமாக இருந்ததும் உண்மை.

அந்த நேரத்தில்தான் பூவாத்தாள் கிண்ணத்தோடு பின்வாசலில் வந்து நின்றாள், அமாவாசைப் பிடியை வாங்கிப் போக. அவள் திறந்த பெட்டியைப் பார்த்தாள், பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்தாள், கோகிலா நெஞ்சில் அணைத்திருக்கிற ஒற்றைக் கவரைப் பார்த்தாள், காம்புக் குவியலைப் பார்த்தாள். கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினாள்.

மரகதம் மகளின் விரல்களைக் கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். சின்ன வயதில் கையில் இறுக்கிப் பிடித்த மண்ணை விடுவிப்பது போல. கவரைக் கொண்டுபோய்ப் பூவாத்தாளின் கையில் வைத்தாள். "எடுத்துட்டுப் போங்க்கா. அவ்வளவுதான். இனி இல்லீங்க." பூவாத்தாள் போன பிறகு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். கோகிலா தாயை முதன்முதலாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள், அழக்கூட மறந்து.

பொழுது மேற்கே இறங்க இறங்க கோகிலாவால் இருக்க முடியவில்லை. முன்னால் தின்றதெல்லாம் இன்றைக்குப் பொழுது சாய்கிறவரைதான் தாங்கும், அடுத்த மாதத்துக்கு இன்றைக்குத் தின்றாக வேண்டும். பாதியாவது வாங்கிவிடுவது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். மரகதம் பின்னாலேயே ஓடினாள். அவர்கள் உள்ளே நுழைந்தபோது நஞ்சப்பன் கட்டிலில் தலையணை மேல் சாய்ந்திருக்க, பூவாத்தாள் தேங்காய்ப்பூப் போட்டுத் தாளித்த பொரியலைக் கரண்டியில் எடுத்து அவர் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். நஞ்சப்பன் வாயை இறுக்கிக்கொண்டிருந்தார். அவள் கெஞ்சினாள். அவர் தலையை இந்தப் பக்கம் திருப்பினார். கரண்டி இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் வந்தது. நாலு மாதமாக ஒரு வார்த்தை பேசாத மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"ஏம்புள்ள, இந்த ஊர்ல வேற காயே வெளையறதில்லியா?"

கரண்டி பூவாத்தாளின் கையிலேயே நின்றது.

"மாசாமாசம் இதே அவரக்கா. நாக்கு பூரா நாரு. ஒரு கத்திரிக்காப் புளிக்கொழம்பு வச்சுக் குடு. தின்னுட்டுப் போறேன்."

போகிறேன் என்று எதைச் சொல்கிறார் என்று அந்த அறையில் இருந்த மூன்று பெண்களுக்கும் தெரிந்தது. பூவாத்தாளுடைய முகத்தில் வந்த திகைப்பு கோபமாகி, கோபம் வெட்கமாகி, கடைசியில் அவள் தட்டைத் தூக்கிக் கோகிலாவிடம் நீட்டினாள். "இந்தா கண்ணு, நீயே தின்னுக்கோ. தொரைக்கு அவரக்கா புடிக்கலியாமா."

தட்டு கோகிலாவின் கையில் இருந்தது. ஜன்னலில் வெயில் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. மரகதம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தின்னச் சொல்லவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. கோகிலா பொரியலைப் பார்த்தாள், கட்டிலில் சாவை ஒரு குழம்புக்கு மாற்றிக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்திருக்கிற நஞ்சப்பனைப் பார்த்தாள், அவர் நாக்கை நீட்டி நாரைத் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"பெரிப்பா சொல்றது நெசந்தானுங் பெரிம்மா. எனக்கும் சலிச்சுப் போச்சு" என்று தட்டைக் கீழே வைத்தாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் மிச்சமிருந்த வெயில் போனது, பனிக்குடம் உடைந்தது.

நின்ற நாட்கள் எல்லாம் உள்ளே வந்தன. கோகிலாவின் ஜடை அவிழ்ந்து இடுப்பைத் தாண்டி இறங்கியது, மருதாணி உதிர்ந்தது, நகங்கள் மரகதத்தின் தோளில் பதிந்தன. அவள் கத்தினாள், அந்தப் பக்கத்து அறைப் பெண் கத்தியதைவிடப் பலமாகவே கத்தினாள், கத்திக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள். மரகதம் ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, பூவாத்தாள் வாசலில் நிற்காமல், பையை எடுத்துக்கொண்டு கத்திரிக்காய் வாங்க விறுவிறுவென்று கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நஞ்சப்பன் அந்தக் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிஞ்சுக் கத்திரிக்காய்தானா என்று கேட்டார், உப்பு ஒரு கல் தூக்கல் என்றார், கையைக் கழுவிவிடச் சொன்னார். அப்புறம், குழம்பு முடியட்டும் என்று வாசலில் காத்திருந்த நாட்கள் அவரையும் வந்து கூட்டிக்கொண்டு போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து கோகிலாவையும் குழந்தையையும் கூட்டிவந்த அன்றைக்குக் காலனி மொத்தமும் வாசலில் நின்றது. பெண் குழந்தை. தோளில் புரளுகிற முடி, கீழ் ஈறில் இரண்டு பல். பிறந்ததும் அது அழவில்லையாம். வாயைப் பிளந்து, புருவத்தை நெற்றி வரைக்கும் தூக்கி, டாக்டரம்மாவை, நர்சை, விளக்கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்ததாம். வீடு வந்த பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. ராஜாமணி எடுத்துக் கொஞ்சினாள். அது அவளை வாய் பிளந்து பார்த்தது. ரங்கசாமியைப் பார்த்தது, தனபாலைப் பார்த்தது, தண்டபாணியை வெகுநேரம் பார்த்தது. பார்க்கப்பட்டவர்கள் எல்லாரும் தங்கள் முகத்தில் ஏதோ ஒட்டியிருப்பது போல மெல்லத் துடைத்துக்கொண்டு விலகினார்கள்.

பூவாத்தாள் மட்டும் தன் வீட்டு வாசலை விட்டு வரவில்லை. கருமாதிகூட முடியாத வீடு. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் தான் கால் வைக்கக் கூடாது என்று கதவை ஒட்டி நின்றாள். கோகிலா குழந்தையை ராஜாமணியின் கையிலிருந்து வாங்கி, யாரையும் கேட்காமல், நேரே நடந்துபோய் அவள் கையில் கொடுத்தாள். கூட்டத்தில் ஒருத்தி, ஐயோ என்று சொல்ல வாயெடுத்து, மரகதத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டாள்.

குழந்தை பூவாத்தாளின் வெறும் நெற்றியைப் பார்த்தது. அவள் கண்ணைப் பார்த்தது. புருவம் இன்னும் ஒரு படி மேலே ஏறியது.

"என்ன சாமி, அப்புடிப் பாக்கற?" என்றாள் பூவாத்தாள், அதன் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு. "நாங்கெல்லாம் இப்புடித்தான் இருப்போம்."